லைட் எரிஞ்சா போதுமா? கிராமத்து எலக்ட்ரீஷியனும் லைசென்ஸ் விதியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நம்ம ஷோ கேட்கிறவங்கள்ல நிறைய பேருக்கு வேலை ஒரு ஊர்ல, வீடு இன்னொரு ஊர்ல. சென்னையிலயோ பெங்களூருலயோ உட்கார்ந்து ஈஎம்ஐ கட்டிக்கிட்டு, ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுற கூட்டம். டைல்ஸ் கலருக்கு ஃபேமிலி குரூப்ல மூணு நாள் சண்டை நடக்கும். ஒயரிங் யாரு பண்றாங்கன்னு கேட்டா மட்டும் ஒரே பதில்: "நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்தான், நல்லா பண்ணுவாப்ல." அவருக்கு லைசென்ஸ் இருக்கா? அந்தக் கேள்வியை நம்ம பக்கத்துல யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டா அது அவரை அவமானப்படுத்துற மாதிரியும் ஆயிடும்.

அதனால இன்னைக்கு அந்தக் கேள்வியை அவர்கிட்ட கேட்காம, விதிகிட்ட கேட்கலாம்னு நினைக்கிறேன்.

முதல்ல விதி என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம். மின்சாரச் சட்டம் 2003-ன் கீழ் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு விதிமுறைகளை வகுத்திருக்கு. 2010-ல் ஒரு தொகுப்பு வந்தது, 2023-ல் அதை மாற்றிப் புதுசு வந்தது. ஆனா நாம பேசப்போற விஷயம் அதுக்கெல்லாம் முன்னாடியே, 1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியாகவே இருந்தது. சாரம் இதுதான்: ஒரு கட்டடத்தில் மின் அமைப்பு வேலை எதுவா இருந்தாலும், புதுசா போடுறது, கூட்டுறது, மாத்துறது, ரிப்பேர் பண்றது எல்லாமே, மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாத்தான் நடக்கணும். தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருத்தர் அதை நேரடியா மேற்பார்வை செய்யணும். மாநில அரசு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட பெர்மிட் உள்ள ஆள்தான் ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கணும். இதை மீறிப் போட்ட ஒயரிங்குக்கு மின் இணைப்பே கொடுக்கக் கூடாது.

ஒரு விலக்கு உண்டு. பல்பு மாத்தறது, ஃபேன் மாத்தறது, ஃபியூஸ் போடுறது, சுவிட்ச் மாத்தறது மாதிரி, அமைப்போட திறனையும் தன்மையையும் மாத்தாத வேலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதாவது ஊர் எலக்ட்ரீஷியன் ஒரு நாள்ல செய்யற வேலையில கணிசமான பகுதிக்கு லைசென்ஸே தேவையில்லை. பழைய சுவிட்சை எடுத்துட்டு அதே மாதிரி புது சுவிட்ச் போட்டா விதிக்குள்ள இருக்கார். பக்கத்துல ஏசிக்கு ஒரு புது பாயின்ட் இழுத்தா விதிக்கு வெளியே போயிடறார். அதே ஆள், அதே சுவர், அதே மத்தியானம்.

கிராமத்துக்குன்னு தனி விதி எதுவும் இதுல இல்லைங்கறதையும் கவனிங்க. அண்ணா நகர் அபார்ட்மென்ட்டுக்கும் மலையடிவாரத்து ஓட்டு வீட்டுக்கும் ஒரே விதி. மின்சாரம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிதான் அடிக்கும், அதனால அது நியாயம்தான். ஆனா விதி தன் மனசுல மூணு பேரைக் கற்பனை பண்ணி வச்சிருக்கு: ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், கம்பியாளர். கிராமத்துல அந்த மூணு பேரும் ஒரே டிவிஎஸ் எக்ஸ்எல்-ல ஒரே ஆளா வந்து இறங்குறாங்க.

சரி, தமிழ்நாட்டுல இந்த உரிமத்தை யார் கொடுக்கறாங்க? சென்னை கிண்டி, திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியம். நம்ம வீட்டுக்கு பில் அனுப்புற மின்வாரியம் வேற, இது வேற. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. தனி ஆட்களுக்கு மூணு வகைச் சான்றிதழ் இருக்கு. தொழில்ல இருக்கறவங்க அதை எழுத்தை வச்சே சொல்வாங்க: மேற்பார்வையாளருக்கு சி, மின்கம்பியாளருக்கு பி, மின்கம்பி உதவியாளருக்கு ஹெச். "சி லைசென்ஸ் ஹோல்டர் தேவை"ன்னு வேலை விளம்பரத்துல பார்த்திருப்பீங்க. இது தவிர ஒப்பந்ததாரர் உரிமம் தனி. அது நிறுவனமா நடத்தறவங்களுக்கு.

இப்போ ஒரு வேடிக்கை. நான் ட்ரிபிள் ஈ படிச்சவன். நாலு வருஷம் மோட்டார் லேப்ல ரீடிங் எடுத்திருக்கேன், டிரான்ஸ்பார்மர் தியரி எழுதி பாஸ் பண்ணியிருக்கேன். அதுக்கப்புறம் மத்த எல்லாரையும் போல லேப்டாப்புக்கு வந்துட்டேன். சுவருக்குள்ள ஒரு பைப்ல ஒயர் இழுக்கச் சொன்னா எனக்கு வராது. ஆனா விதிப்படி பார்த்தா, டிகிரியோட தேவையான கால அனுபவச் சான்றையும் சேர்த்துக் கொடுத்து, மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற தகுதி எனக்கு உண்டு. எங்க ஊர் அண்ணன் இருபது வருஷமா ஒயரிங் பண்றார். கிணத்து மேட்டுல நின்னு மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டு, "தம்பி, ஒரு ஃபேஸ் வரலை, ஆஃப் பண்ணு"ன்னு சொல்வார். சரியா இருக்கும். அவர்கிட்ட ஒரு காகிதமும் இல்லை.

இதைக் கேட்டுட்டு, "அப்போ லைசென்ஸ்னா வெறும் பேப்பர்தானே, வேலை தெரிஞ்சா போதாதா"ன்னு நீங்க கேட்கலாம். நான் அந்தக் கட்சி இல்லை. ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இந்த எபிசோடோட உயிர் இங்கதான் இருக்கு.

நம்ம தொழில்ல ஒரு வசனம் உண்டு: என் மெஷின்ல ஓடுது. லைட் எரியுதுங்கறது ஒயரிங் உலகத்தோட "என் மெஷின்ல ஓடுது". பாதுகாப்பே இல்லாத ஒயரிங்லயும் லைட் எரியும். பாதுகாப்பான ஒயரிங்லயும் அதே பிரகாசத்துல எரியும். வித்தியாசம் ஏதாவது ஒண்ணு கெட்டுப் போற அன்னைக்குத்தான் தெரியும்.

மூணு பின் பிளக்ல மேல இருக்கிற பெரிய பின் எர்த். வாஷிங் மெஷினுக்குள்ள ஒரு ஒயர் உரிஞ்சு அதோட தகர உடம்பைத் தொட்டா, மின்சாரம் அந்த எர்த் வழியா மண்ணுக்குள்ள இறங்கணும். நிறைய மின்சாரம் ஒரேயடியாப் பாய்ஞ்சு எம்சிபி டிரிப் ஆகணும். இதுதான் ஏற்பாடு. இப்போ எர்த் குழி வீட்டுக்குப் பின்னாடி இருக்கு, உப்பும் கரியும் போட்டு மூடினது, சித்திரை வெயில்ல காய்ஞ்சு கிடக்கு. அதோட மின்தடை 50 ஓம் ஆயிடுச்சுன்னு வச்சுக்குவோம். 230 வோல்ட்டை 50-ஆல வகுங்க. 4.6 ஆம்பியர். எம்சிபி 16 ஆம்பியர். அது அசையவே அசையாது. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், உடம்பு முழுக்கக் கரண்ட்டோட. ஈரக் கையோட அம்மா வந்து தொடுவாங்க.

எம்சிபி மனுஷனைக் காப்பாத்தறதுக்காகச் செஞ்ச பொருள் இல்லை, ஒயர் உருகாம காப்பாத்தறதுக்காகச் செஞ்சது. இது படிச்ச ஆட்களுக்கே தெரியறதில்லை. மனுஷனைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். அதுக்குன்னு இருக்கிற பொருள் ஆர்சிசிபி. போற மின்சாரமும் திரும்பி வர்ற மின்சாரமும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு உதைச்சா வெட்டிடும். 16 ஆம்பியர்ல அது ஐநூறுல ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொண்ணு சொல்றேன், இது நான் கண்ணால பார்த்தது. எர்த் ஒயர் தனியா இழுக்கறது செலவு. அதனால சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துடுவாங்க. அப்புறம் டெஸ்ட் லாம்ப் ஒண்ணை எடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சுக் காட்டுவாங்க. பளிச்சுன்னு எரியும். "பாத்தீங்களா, எர்த் பக்காவா இருக்கு." வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். என்னைக்காவது அந்த நியூட்ரல் ஒயர் எங்கயாவது லூசானா, மெஷினுக்குள்ள போன கரண்ட் திரும்ப வழியில்லாம அந்தத் துண்டு ஒயர் வழியா எர்த் பின்னுக்கு வந்து, நேரா மெஷினோட உடம்புக்குப் போகும். எந்த ஒயரும் உரியலை, மெஷின்ல எந்தக் கோளாறும் இல்லை. உயிரைக் காப்பாத்த வச்ச பின்தான் ஷாக்கைக் கொண்டு வந்து கொடுக்குது.

இப்படி நியூட்ரலோட சேர்த்த எர்த்துக்கு எங்கயாவது நிஜமாவே மண்ணோட தொடர்பும் இருக்கிற வீட்டுல ஆர்சிசிபி மாட்டினா என்ன ஆகும்? டிரிப் ஆகிக்கிட்டே இருக்கும். ஏன்னா அது தன் வேலையைச் சரியாச் செய்யுது. உடனே என்ன சொல்வாங்க? "பீஸ் சரியில்ல தம்பி, கழட்டிட்டு நேராக் குடுத்துடலாம்." டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா டெஸ்ட்டையே டெலீட் பண்றது. நம்ம டீம்ல இதைப் பண்றவங்க இல்லையா என்ன? (சிரிப்பு) நாம பண்ணா சைட் டவுன் ஆகும், அவ்வளவுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குகளில், மின்சாரம் தாக்கி இறந்தவங்க சமீப வருஷங்களில் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல. இதுல மின்கம்பி அறுந்து விழுந்ததும் சேரும், காட்டுப்பன்றிக்குன்னு வேலியில திருட்டுத்தனமா விட்ட கரண்ட்டும் சேரும். எல்லாமே வீட்டு ஒயரிங் இல்லை. ஆனாலும் அந்த எண் கொஞ்ச நேரம் மனசுல நிக்கணும்.

சோதனைன்னு விதி சொல்றது இதுக்காகத்தான். வேலை முடிஞ்சதும் மெக்கர் வச்சு இன்சுலேஷன் பார்க்கணும், எர்த் தடையை அளக்கணும், அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போடணும். லைட் எரியறதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை மீட்டர் கண்டுபிடிக்கும். லைசென்ஸோட உண்மையான அர்த்தம் இதுதான்னு நான் புரிஞ்சுக்கறேன். ஒருத்தர் அளந்தார், அவர் பேர் இது, நாளைக்கு ஏதாவது நடந்தா அவரைக் கேட்கலாம்.

இப்போ கிராமத்துல இந்தக் கையெழுத்து எப்படி வருதுன்னு பாருங்க. எங்க வீடு கட்டினப்போ நடந்ததையே சொல்றேன். ஒயரிங் முழுக்க அண்ணன் பண்ணினார். புது இணைப்புக்கு விண்ணப்பிக்கிற நேரம், டெஸ்ட் ரிப்போர்ட் வேணும்னாங்க. அண்ணன் டவுனுக்குப் போனார். லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட ஒரு தொகை கொடுத்தார். சாயங்காலம் சீல் போட்ட காகிதம் வந்துடுச்சு. அதுல இன்சுலேஷன் அளவு எழுதியிருந்தது, எர்த் அளவு எழுதியிருந்தது. எழுதினவர் எங்க தெருப் பக்கமே வந்ததில்லை. எங்க வீட்டுக்குக் கதவு எந்தப் பக்கம்னுகூட அவருக்குத் தெரியாது.

இதை நம்ம பாஷையில சொன்னா, ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் படிக்காமலே தன் ஐடியில அப்ரூவ் பண்றது. அதுக்குக் காசும் வாங்கறது. இந்த ஏற்பாட்டுல நஷ்டம் யாருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவருக்கு வருமானம். மின்வாரியத்துக்கு ஃபைல் சுத்தம். வீட்டுக்காரருக்கு வேலை முடிஞ்சது. அண்ணன் ஒருத்தர்தான் வேலையும் செஞ்சு, காசும் கொடுத்து, காகிதத்துல இல்லாமலும் போறார். எர்த்தை நிஜமா அளக்க ஒரு மீட்டர் வாங்கணும்னு அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை, அதுக்கு அவர்கிட்ட யாரும் தனியாக் காசு கொடுத்ததும் இல்லை. ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. எர்த் குழிக்கு எத்தனை அடின்னு பேரம் பேசறதே நம்ம வீட்டு ஆட்கள்தான்.

விபத்து நடந்தா கதை இன்னும் மோசம். மரணம் நேர்ந்தா மின் ஆய்வாளர் விசாரணை வரைக்கும் போகச் சட்டத்துல இடமிருக்கு. அங்க முதல் கேள்வியே இந்த வேலையை யார் செஞ்சதுன்னுதான் வரும். காகிதத்துல ஒரு பேர், ஊருக்குத் தெரிஞ்ச பேர் இன்னொண்ணு.

சரி, அண்ணன் மாதிரி ஆட்களுக்கு வழியே இல்லையா? இருக்கு. அதுதான் ஹெச், மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அரசு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துது, அரசு ஐடிஐகளில் நடக்கும். பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல ஒரு மூலையில அறிவிப்பு வரும், நாம பக்கத்தைத் திருப்பிடுவோம். 21 வயசு முடிஞ்சிருக்கணும், மேல வயசு வரம்பு இல்லை. ஒயரிங் தொழில்ல 5 வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேணும். ஐடிஐ படிக்காத, கை வேலையில வளர்ந்த ஆளுக்காகவே திறந்து வச்ச கதவு இது. ரொம்ப நல்ல யோசனைன்னே சொல்வேன்.

அந்தக் கதவுல ஒரு பூட்டு இருக்கு. அந்த 5 வருஷ அனுபவத்தை யார் எழுதித் தருவாங்க? அண்ணன் தொழில் கத்துக்கிட்டது அவரோட மாமாகிட்ட. மாமாவுக்கும் லைசென்ஸ் கிடையாது. மாமா கத்துக்கிட்டது ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட்டும் சீரியல் லைட்டும் போட வந்தவர்கிட்ட. ஒரு வம்சமே விதிக்கு வெளியில நின்னு வேலை கத்துக்கிட்டிருக்கு. இப்போ சான்று வேணும்னா, டவுன்ல இருக்கிற ஒரு லைசென்ஸ்காரர்கிட்ட போய், தன்கிட்ட வேலையே பார்க்காத ஒருத்தருக்கு 5 வருஷம் வேலை பார்த்தார்னு எழுதி வாங்கணும். நேர்மையா இருக்கறதுக்கான முதல் படியே ஒரு பொய்.

இன்னொரு சிக்கல், பேர்லயே இருக்கு: உதவியாளர். பாஸ் பண்ணினாலும் தனியா ஒப்பந்தம் எடுக்க முடியாது, அதுக்கு மறுபடியும் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர்தான் வேணும். நான் ஒரு தடவை அண்ணன்கிட்ட இந்தத் தேர்வைப் பத்திக் கேட்டேன். "நாப்பத்தி மூணு வயசுல போயி எல்ப்பரு சர்ட்டிவிகேட் வாங்கி என்ன தம்பி பண்றது? அப்பவும் சீலுக்கு அவர்கிட்டதானே போவணும்?" எனக்குப் பதில் வரலை.

இதுல எனக்கு வினோதமாப் படற விஷயம் இன்னொண்ணு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல எலக்ட்ரீஷியன்னு ஒரு பிரிவு இருக்கு. அங்க பதிவு பண்ணலாம், அட்டை வாங்கலாம், அண்ணன் வச்சிருக்கார். ஒரு அரசு அலுவலகத்தோட பதிவேட்டுல அவர் எலக்ட்ரீஷியன், இன்னொண்ணுல அவர் யாருமில்லை. மத்திய அரசோட திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தர்ற ஏற்பாடும் இருக்கு. நல்லதுதான், ஆனா அது திறன் சான்று. மாநிலம் தர்ற பெர்மிட்டோட இடத்துல அது தானா வந்து உட்காராது.

மகாராஷ்டிராவுல கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சாங்க. சின்ன கிராமங்களில் ஊராட்சி மூலமா, அதே ஊர்ல இருக்கிற ஐடிஐ படிச்ச ஒருத்தரை "கிராம் வித்யுத் வியவஸ்தாபக்"னு நியமிச்சு, அங்கத்த மின் விநியோக நிறுவனம் பயிற்சி கொடுத்து, ஃபியூஸ் போறது, மீட்டர் ரீடிங், சின்னப் பழுதுன்னு வேலையை ஒப்படைக்கிற திட்டம். அது லைன் பக்கத்து வேலை, வீட்டுக்குள்ள ஒயரிங் இல்லை. அங்கயும் ஐடிஐ படிச்சிருக்கணும். ஆனா ஊர்ல இருக்கிற ஆளைத் தேடி அமைப்பு ஊருக்கு வந்தது பாருங்க, அந்தத் திசை எனக்குப் பிடிச்சிருக்கு.

என்னைக் கேட்டா, விதியைத் தளர்த்தக் கூடாது. மீட்டரால அளக்கற விஷயத்துல "கிராமம்தானே"ன்னு சலுகை கொடுத்தா, செத்துப் போறது கிராமத்து ஆட்கள்தான். மாத்த வேண்டியது உள்ள வர்ற வழியை. அனுபவத்துக்குக் காகிதம் கேட்காதீங்க, கையைப் பாருங்க. ஐடிஐ-ல ஒரு போர்டு, ஒரு மெக்கர், ஒரு எர்த் டெஸ்டர் வச்சு, மூணு மணி நேரம் வேலை செய்யச் சொல்லுங்க. எர்த்தையும் நியூட்ரலையும் முறுக்கிச் சேர்த்தா ஃபெயில், பத்து வருஷ அனுபவம் இருந்தாலும் ஃபெயில். பாஸ் பண்ணினவருக்கு ஒத்தை மாடி வீடு, சின்னக் கடை அளவுக்குத் தன் பேர்லயே கையெழுத்துப் போடற ஒரு உரிமம். பெரிய வேலைக்கு வழக்கம் போல ஒப்பந்ததாரர். இதனால கையெழுத்து வியாபாரம் முழுசா ஒழிஞ்சிடும்னு நான் நம்பலை. குறைஞ்சபட்சம் வேலை செஞ்ச கையும் கையெழுத்துப் போட்ட கையும் ஒண்ணா இருக்க ஒரு வாய்ப்பு வரும்.

அதுவரைக்கும் நம்ம பக்கம் செய்ய முடிஞ்சது என்ன? ஊர் எலக்ட்ரீஷியனை மாத்திட்டு டவுன்லேர்ந்து ஆள் கொண்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அப்பா ஃபோன் பண்ணினா ஓடி வர்றது அவர்தான். அவரையே வச்சுக்கோங்க. டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு எப்படியும் காசு கொடுக்கப் போறீங்க இல்லையா, அந்தக் காசுக்குக் கையெழுத்துப் போடறவர் மீட்டரோட நேர்ல வரணும்னு சொல்லுங்க. பூச்சு வேலைக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சப்புறம் ஒரு தடவை. கூடக் கொஞ்சம் கேட்பார், கொடுங்க. ஊர் அண்ணனும் அப்போ பக்கத்துல இருக்கட்டும், அளவைப் பார்க்கட்டும். எர்த்துக்குத் தனிப் பச்சை ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் போகுதான்னு பைப்ல ஒயர் இழுக்கற அன்னைக்கே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஆர்சிசிபிக்குப் பேரம் பேசாதீங்க.

ஏற்கெனவே கட்டின வீடா இருந்தா, இன்னைக்கு ஊருக்கு ஃபோன் பண்ணும்போது மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்க. சுவிட்ச் மாதிரி ஒண்ணு இருக்கும், பக்கத்துல டி-ன்னு இங்கிலீஷ் எழுத்துப் போட்ட ஒரு சின்ன பட்டன். அதை அமுக்கச் சொல்லுங்க. வீடு மொத்தமும் பட்டுன்னு அணைஞ்சா ஆர்சிசிபி உயிரோட இருக்கு, மறுபடி தூக்கி விட்டுக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவை இப்படி அமுக்கிப் பார்த்தா நல்லது. இந்த பட்டன் எர்த் நல்லா இருக்கான்னு சொல்லாது, அதை மீட்டர்தான் சொல்லணும். அமுக்கியும் அணையலைன்னா, இல்ல அப்படி ஒரு பட்டனே போர்டுல இல்லைன்னா, அடுத்த ஃபோன் அண்ணனுக்கு.